பெற்றோலில் நிறுத்து

எமது வளவின் வடமூலையில், கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் நிழலில், தகரக் கூரையிட்ட கொட்டில் ஒன்று உண்டு. அதனுள்ளே, முகப்பு விளக்குகள் இரண்டும் படலையை நோக்கியிருக்க, பழைய பிக்கப் வண்டி ஒன்று நிற்கின்றது. வீட்டிற்கு வருவோர் அதனைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகளைத் தவறாமற் கேட்பார்கள். "இது எந்த ஆண்டு வண்டி?" என்பது ஒன்று. "இதை ஏன் இன்னும் விற்கவில்லை?" என்பது மற்றொன்று. முதலாவது கேள்விக்கு விடை எளிது, 1959ஆம் ஆண்டு. இரண்டாவதற்கு ஒரு வார்த்தையில் விடை கூற எம்மால் இயலவில்லை. அதனாலேயே இதனை எழுதப் புகுந்தோம்.

ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் காரை அடியொற்றிச் செய்யப்பட்ட அரைத் தொன் வண்டி அது. நான்கு சிலிண்டர், 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு. 1973ஆம் ஆண்டில் எமது ஐயா அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். அக்காலம் யாழ்ப்பாணத்து விவசாயிகளுக்கு ஒரு நற்காலம். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தீவுக்குள் வருவது தடுக்கப்பட்டிருந்தமையால், உரும்பிராய்ச் செம்மண்ணில் விளைந்தவற்றிற்குத் தென்னிலங்கையில் நல்ல விலை கிடைத்தது. ஆனால், வெங்காயத்தைத் தடுத்த அதே சட்டங்கள் புதிய மோட்டார் வண்டிகளையும் தடுத்தன. பணம் கையிலிருந்தும் வண்டி கிடைக்காத காலம் அது. ஆகவே, பிறர் கைவிட்ட வண்டியை வாங்கி, அதனைத் தம் கையாலேயே திருத்திக்கொள்வது தவிர ஐயாவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஐயா எந்தத் தொழிற் பாடசாலையிலும் பயின்றவர் அல்லர். தோட்டத்து இறைப்பு யந்திரத்தைக் கழற்றிப் பூட்டியதே அவர் கற்ற கல்வி. வண்டியின் பின்பெட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அவர் அதனை வெட்டி நீக்கிவிட்டு, பனஞ்சலாகைகளை அடியில் நிறுத்தி, அவற்றின்மேல் வேப்பம் பலகை பரப்பினார். பக்கப் பலகைகளைக் கழற்றி மாட்டக்கூடியனவாக அமைத்தார். பலகை போட்டால் வெங்காய மூட்டை ஏற்றலாம். கழற்றினால் பூவரசங் குழையை வீட்டுக் கூரை உயரத்திற்கு அடுக்கலாம். நாம் பள்ளிக்கூடம் செல்லத் தொடங்கிய வயதிலேயே அந்த வேலைகளில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. ஐயா ஒரு சாக்கை நிலத்தில் விரிப்பார். கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும், கழற்றிய ஒழுங்கிலேயே, இடமிருந்து வலமாக அச்சாக்கின்மீது நாம் வைக்கவேண்டும். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக் கொடுக்கவேண்டும். ஒருநாள் இரண்டு நட்டுகளை இடம் மாற்றி வைத்துவிட்டோம். ஐயா கோபிக்கவில்லை. "கழட்டத் தெரிஞ்சவன் ஊரெல்லாம் இருக்கிறான், தம்பி" என்று மட்டும் கூறி, முதலிலிருந்து எல்லாவற்றையும் எம்மைக்கொண்டே அடுக்குவித்தார்.

1977இன் பின்னர் இறக்குமதிக் கதவுகள் திறந்தன. ஜப்பானிய வண்டிகள் ஊர் ஒழுங்கைகளில் ஓடலாயின. அயலவர் எமது வண்டியைக் கண்டு நகைத்தனர். ஐயாவும் அவர்களுடன் சேர்ந்து நகைத்தார். வண்டியை மட்டும் விற்கவில்லை.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறி, சவர்க்காரம் எனத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. அக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அக்காலத்தின் பின் பிறந்த மாணவர்களுக்காகச் சிலவற்றைக் கூறுகின்றோம். ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாயினூடாகத் திரியைச் செலுத்தி ஏற்றிய சிறு விளக்கின் ஒளியிலேயே நாம் உயர்தர வகுப்புக்குப் படித்தோம். போத்தலின் சுவரே காற்றுக்குத் தடுப்பு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். சவர்க்காரத்திற்குப் பதிலாகப் பனம்பழத்துக் களியில் துணி தோய்த்தோம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழியை அந்நாட்களில் எவரும் வாயாற் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, கையாற் செய்துகொண்டிருந்தார்கள்.

வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதும் அவ்வாறே. இது யாழ்ப்பாணத்தார் மாத்திரம் கண்டறிந்த புதுமையன்று. இங்கிலாந்தில் 1946ஆம் ஆண்டு முதல் 1956ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட சிறிய பேர்குசன் உழவு யந்திரங்களுள் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடுமாறு அமைந்திருந்ததைப் பிற்காலத்தில் நூல்களில் வாசித்தோம். ஆனால், அவை அதற்கென்றே வகுக்கப்பட்ட யந்திரங்கள். எம்மவர்களோ பெற்றோலுக்கென வகுத்த எஞ்சினை மண்ணெண்ணெய்க்குப் பழக்கவேண்டியிருந்தது.

அதிலுள்ள இடர்கள் மூன்று. முதலாவது, பெற்றோல் கடுங் குளிரிலும் ஆவியாகித் தீப்பற்றும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் சூட்டிற்கு மேலே சென்றாலன்றித் தீப்பற்றுமளவு ஆவியைத் தராது. ஆகவே குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் தொடங்காது. இரண்டாவது, மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. பிஸ்டன் மேலேறி முடிப்பதற்கு முன்னரே தானாக வெடித்து, எஞ்சினுள்ளே சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசையை எழுப்பும். மூன்றாவது, எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஒயிலுடன் கலக்கும். மற்ற வண்டிகளில் நாட்செல்ல ஒயில் மட்டம் குறையும்; எமது வண்டியில் அது உயர்ந்துகொண்டே போகும்! அதனைக் கண்டு மகிழ்ந்தவனின் எஞ்சின் விரைவிற் பாழாகும்.

ஐயா ஒவ்வொன்றாக மாற்று வழி கண்டார். பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து எடுத்த செப்புக் கஸ்கெற்றை வண்டியின் கஸ்கெற்றுடன் சேர்த்து இரண்டாக இட்டு, சிலிண்டர்த் தலையைச் சற்று உயர்த்தி அமுக்கத்தைக் குறைத்தார். தீப்பொறி விழும் நேரத்தைச் சிறிது பின்தள்ளினார். பிஸ்கற் தகரத்தை வெட்டிப் புகைக்குழாயின் தலைப்பகுதியைச் சுற்றி ஓர் உறை செய்து, அங்கே சூடாகும் காற்றையே காபுரேற்றர் உறிஞ்சுமாறு குழாய் பொருத்தினார். ரேடியேற்றரின் முன்னால் மட்டையைச் செருகி எஞ்சினை வழமையிலும் சூடாக வைத்திருந்தார். ஒயிலை வழமையிலும் பலமுறை மாற்றினார். இறுதியாக, காபுரேற்றருக்கு அருகே ஒரு சேலைன் போத்தலைத் தொங்கவிட்டு, அதில் அரைப் போத்தல் பெற்றோல் நிரப்பி, பித்தளைத் திருகுபிடி ஒன்றினால் இரண்டு வழிகளையும் இணைத்தார். இடப்புறம் திருப்பினால் பெற்றோல். வலப்புறம் திருப்பினால் மண்ணெண்ணெய்.

பெற்றோலிற் தொடங்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வெண்புகை எழும், கண் எரியும், ஆயினும் வண்டி ஓடும். ஆனால், இதனிலும் முக்கியமான விதி ஒன்று உண்டு. வண்டியை நிறுத்துவதற்குச் சற்று முன்னரே மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிவிடவேண்டும். அப்போதுதான் காபுரேற்றரின் கிண்ணத்தில் பெற்றோல் நிறைந்து நிற்கும். அடுத்த முறை எஞ்சின் உடனே எழும். மண்ணெண்ணெயில் நிறுத்திவிட்டால், குளிர்ந்தபின் அது கல்லாகும்.

1993ஆம் ஆண்டு. எமக்கு வயது பதினேழு. வண்டியை ஓட்ட ஐயா எம்மை அனுமதித்திருந்தார். ஒருநாள் மாலை, சந்தியில் நின்ற தோழர்களுக்கு முன்னே எமது திறமையைக் காட்ட விரும்பினோம். மண்ணெண்ணெய் வண்டி ஒரே உதையில் எழும் விந்தையைக் காண அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்க, நாமும் மீண்டும் மீண்டும் நிறுத்தித் தொடங்கினோம். சேலைன் போத்தலிலிருந்த பெற்றோல் வற்றிவிட்டது. வீடு திரும்பி, மண்ணெண்ணெயிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, எவருக்கும் கூறாமல் உணவருந்திப் படுத்துவிட்டோம். நாளை எங்காவது சிறிது பெற்றோல் தேடி ஊற்றினால் எவரும் அறியார் என்பது எமது எண்ணம்.

நள்ளிரவு கடந்தபின் படலையைத் தட்டும் ஓசை கேட்டது. ஒழுங்கையின் மறுகோடியிலுள்ள வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். அவ்வீட்டு அக்காவுக்குத் தலைப்பிரசவம். வலி எழுந்து பல மணி நேரமாகியும் பிள்ளை பிறக்கவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் ஆபத்து என்று மருத்துவிச்சி கூறிவிட்டாள். ஐயா சட்டையும் அணியாமல் கொட்டிலுக்கு ஓடினார். எஞ்சின் முனகியது, எழவில்லை. அவர் திருகுபிடியைத் தொட்டுப் பார்த்தார். பின்னர் சேலைன் போத்தலை விளக்கொளியில் உயர்த்திப் பார்த்தார். எம் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவ்விருட்டில் அதுவே எமக்குப் பெருந்தண்டனையாக இருந்தது.

வந்தவர்கள் காத்து நிற்கவில்லை. சாய்மனைக் கதிரை ஒன்றில் அக்காவை இருத்தி, இருபுறமும் உலக்கைகளைக் கட்டி, நால்வர் தோளில் தூக்கிக்கொண்டு பலாலி வீதி வழியே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரி பல மைல் தூரம். அம்மா அடுப்பை மூட்டி வெந்நீர் கொண்டுவந்தார். ஐயா காபுரேற்றர்க் கிண்ணத்தைக் கழற்றி மண்ணெண்ணெயைக் கொட்டித் துடைத்தார். நாம் சாக்கை விரித்து, நடுங்கும் கைகளால் உறுப்புகளை வரிசையில் வைத்தோம். பிளக்குகளை விளக்குச் சுவாலையிற் காய்ச்சினோம். குழாயின்மேல் துணி சுற்றி வெந்நீரை ஊற்றினோம். ஆனால், பெற்றோல் வேண்டுமே! அடுத்த வளவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். தமது சிறு மோட்டார்ச் சைக்கிளுக்கென மருந்துப் போத்தல் ஒன்றில் சேமித்து வைத்திருந்த பெற்றோலை, சத்தங்கேட்டு எழுந்து வந்து, ஒன்றும் கேளாமல் நீட்டினார்.

எஞ்சின் எழுந்தது. நாம் கதிரையைச் சென்றடைந்தபோது அவர்கள் கோண்டாவிலை அண்மித்திருந்தார்கள். தூக்கியவர்களுள் ஒருவருடைய தோளிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அக்காவின் முனகல் நின்றிருந்தது. அவரைப் பலகைமேற் கிடத்தி, எம் மடியில் அவருடைய தலையைத் தாங்கிக்கொண்டோம். குழந்தை அதிகாலையிற் பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இருவரையும் இழந்திருப்போம் என்று தாதியொருவர் ஐயாவிடம் கூறியதை நாம் அருகில் நின்று கேட்டோம்.

ஐயா எம்மைக் கண்டித்து ஒரு சொல்லும் கூறவில்லை. மறுநாள் ஒரு சிறு தகரத் துண்டை வெட்டி, ஆணி முனையாற் பொளிந்து, சுக்கானுக்கு நேரெதிரே திருகாணி இட்டுப் பூட்டினார். அதில் இரண்டே சொற்கள் இருந்தன: "பெற்றோலில் நிறுத்து." அதன்பின் வண்டியின் சாவியை வழமைபோல எம்மிடமே தந்தார். அவர் அதனைப் பறித்திருந்தால் எம் மனம் சற்று ஆறியிருக்கும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்த வண்டியும் நடந்தது. ஓடியது என்று கூறுதல் பொருந்தாது. பலகைமேல் எமது பாட்டியும், நடக்கவியலாத அயலவர் ஐவரும், அந்த அக்காவும், அவருடைய இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஓர் இரவு முழுவதும் சென்றது. நின்று நின்று செல்லும் நெரிசலில் ஒவ்வொரு முறை எஞ்சினை நிறுத்தியபோதும் நாம் முதலில் திருகுபிடியை இடப்புறம் திருப்பினோம். ஒருமுறையேனும் மறக்கவில்லை.

மறு ஆண்டு ஊர் திரும்பினோம். காலம் மாறியது. 2002இல் ஏ9 வீதி திறந்தது, 2006இல் மூடியது, 2009இல் மீண்டும் திறந்தது. ஐயா அதற்கு முந்திய ஆண்டிலேயே காலமானார். 'பட்டா' என மக்கள் அழைக்கும் சிறிய லொறிகள் தவணைப் பணத்திற்கு வந்து சேர்ந்தன. பழைய வண்டி கொட்டிலில் ஓய்வு கொண்டது.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது எமது மகன் ஆவலோடு வந்தான். "அப்பா, அப்பப்பாவின்ர வண்டியை மண்ணெண்ணெயில ஓடலாமே?" என்றான். நாமும் ஒரு கணம் மகிழ்ந்தோம். ஆனால், அம்முறை மண்ணெண்ணெயும் இல்லை. மீனவரும் விவசாயிகளும் அதற்கே வரிசையில் நின்றார்கள். பழைய வித்தை புதிய இடரைத் தீர்க்கவில்லை. அந்நாட்களில் சைக்கிளே எம்மைக் காத்தது. ஆயினும் மகன் கொட்டிலைத் திறந்தான் அல்லவா? திறந்த கதவை அவன் மூடவில்லை.

அடுத்த ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வேலையைத் தொடங்கினோம். டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தலாம் என்பது அவன் எண்ணம். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளமையால் அதற்கு அனுமதியும் பதிவும் வேண்டும் என்பதோடு, அரைத் தொன் வண்டியின் சட்டம் அப்பாரத்தைத் தாங்குமா என்ற ஐயமும் எமக்கு இருந்தது. பழைய எஞ்சினையே மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புவது என முடிவு செய்தோம். அவ்வாறாயின் ஐயா இட்ட இரண்டாவது கஸ்கெற்றை எடுக்கவேண்டும், தகர உறையை நீக்கவேண்டும், திருகுபிடியைக் கழற்றவேண்டும். சிலிண்டர்த் தலையைத் தூக்கியபோது அந்தச் செப்புக் கஸ்கெற் கரிபடிந்து வெளிப்பட்டது. நாம் சாக்கின் அருகே அமர்ந்துவிட்டோம். ஐயாவின் கைவேலையை எம் கையால் அழிப்பதா? வேலை இரண்டு வாரம் நின்றது.

இறுதியில் மகனே பேசினான். "அப்பா, அப்பப்பா இருந்தால் பெற்றோல் கிடைச்ச அண்டைக்கே இதைக் கழட்டியிருப்பார்."

அது உண்மை. ஐயா எதனையும் வழிபட்டவர் அல்லர். அன்றன்று உள்ளதைக் கொண்டு அன்றைய தேவையை முடித்தவர். அவருடைய கைவேலையை அசையாமற் காப்பதைக் காட்டிலும், அவர் செய்ததுபோலச் செய்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை என உணர்ந்தோம். மறுநாளே வேலை தொடர்ந்தது.

இவ்வகை முயற்சியில் ஈடுபட விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டொன்று கூறுவோம். பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள், அக்காலப் பெற்றோலிற் கலந்திருந்த ஈயத்தின் காப்பிலேயே தேயாமல் இருந்தன. இலங்கையில் 2002ஆம் ஆண்டுடன் ஈயப் பெற்றோல் நின்றுவிட்டது. எனவே, லேத்துப் பட்டறையில் கொடுத்து உறுதியான எஃகு வளையங்களை அவ்விடங்களில் இறுக்குவித்தோம். மற்றொன்று பிறேக். அக்காலத்து வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஓரிடத்தில் உடைந்தால் நான்கும் போய்விடும். எஞ்சினைத் தொடுமுன்பே பிறேக்கின் குழாய்களையும் இறப்பர்களையும் முற்றாகப் புதுப்பித்து, அனுபவமுள்ள தொழிலாளரைக்கொண்டு சோதித்தோம். நிறம் பூசுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கை மறவாதீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலையில் எஞ்சின் எழுந்தது. இம்முறை வெண்புகை இல்லை. மகன் ஓட்ட, நாம் அருகில் அமர்ந்தோம். ஒழுங்கையின் மறுகோடியில் ஒரு பெண் தன் பிள்ளையைக் கையிற் பிடித்தபடி வேலியோரம் ஒதுங்கி நின்று எம்மைப் பார்த்துச் சிரித்தாள். தான் பிறந்த இரவின் கதையில் எமது பங்கை அவள் அறியாள். அவளுடைய தாய் அறிவார்; முப்பது ஆண்டுகளாக அதனை எவருக்கும் கூறவில்லை.

வண்டி கொட்டிலுக்குத் திரும்பியபோதுதான் கவனித்தோம். சுக்கானுக்கு எதிரே, நாம் கழற்றிப் பெட்டியிலிட்ட அந்தத் தகரத் துண்டு, துரு நீக்கி எண்ணெய் தடவி, பழைய இடத்திலேயே மீண்டும் பூட்டப்பட்டிருந்தது.

"இனி இதற்கு வேலை இல்லையே, தம்பி?" என்றோம்.

"கிடக்கட்டும் அப்பா" என்று கூறிவிட்டு, மகன் எஞ்சினை நிறுத்தினான்.